ஒரு கதவு மட்டும் வேறு நிறம்

தின்னர் மணமும் கருவாட்டு மணமும் ஒன்றாய்க் கலந்தால் எப்படி இருக்கும் தெரியுமா? ஆலங்குடாவில் நவ்பல் வீட்டு முன்னறை அப்படித்தான் மணக்கும்...

நாட்டில் சண்டை முடிந்து, வெள்ளைக்காரர்கள் பட்டத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, பலகையில் நின்று கடலில் வழுக்க வரத் தொடங்கிய காலம். நவ்பல் அவர்களுக்கு ஓட்டோ ஓடினான். நான் பள்ளிவாசல்துறையில் உடைந்த மீன்பிடி ஃபைபர் போட்டுகளுக்கு ஒட்டுப் போடுகிறவன். மத்தியானத்தில் வேலை இல்லை என்றால் அவன் வீட்டுக்குப் போய்விடுவேன். அவன் மனைவி ஃபரீதா போடும் பிளேன்டீக்காகவும்தான்.

ஒரு வயதான வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது இவனுக்கு ஒரு பெட்டி கொடுத்துவிட்டுப் போனார். பழைய பிளாஸ்டிக் கார் கிட். திறந்து பார்த்தால், மீன் முள்ளில் சதை ஒட்டியிருக்கிற மாதிரி ஒரு தண்டில் சின்னச் சின்னத் துண்டுகள். வெட்டி, ராவி, ஒட்டி, பெயின்ட் அடித்தால் கார். உள்ளங்கையில் நிற்கும்.

அன்றோடு நவ்பல் அதிலேயே மூழ்கிப் போனான்!

அடுத்த காற்றுக் காலத்தில் அவர் இன்னும் பெட்டிகள் கொண்டு வந்தார். சிலதுக்கு எங்களைவிட வயது கூட. அலுமாரியின் மேல்தட்டு காருக்கென்றே ஆகிவிட்டது. எங்கள் பக்கத்துக் காற்றைச் சொல்ல வேண்டுமே... பெயின்ட் காய்வதற்குள் மணல் வந்து ஒட்டிவிடும். அதனால் இவன் நுளம்பு வலையைக் கட்டி, அதற்குள்ளே குந்தியிருந்து பெயின்ட் அடிப்பான்.

"கடிக்கிறது எங்கள, வலை காருக்கு," என்பாள் ஃபரீதா.

அப்படி வந்ததில் ஒரு பெட்டியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

நவ்பலின் குடும்பம் மன்னார்ப் பக்கம். சண்டையில் முஸ்லிம்களை எல்லாம் ஊரை விட்டுப் போகச் சொன்னபோது, மடிப்பிள்ளையான அவனைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டவர்கள். அங்கே அவன் வாப்பாவுக்கு வாடகைக்கு ஓடுகிற ஒரு ஹயர் கார் இருந்தது. அது அங்கேயே நின்றுவிட்டது. பாதை திறந்த பிறகு போய்ப் பார்த்தார்கள். வீடு இருந்த வளவு முழுக்கக் காடு. காரின் ஓர் ஆணிகூட இல்லை. கையில் ஒரு ஃபோட்டோவும் இல்லை. வாப்பா அந்தக் காரைப் பற்றி வாயே திறக்க மாட்டார்.

அந்தப் பெட்டியின் மேல் இருந்த படத்தை வாப்பா ஒரு தரம் பார்த்தார். எழும்பி, கை கால் கழுவி ஒளுச் செய்யப் போய்விட்டார். தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது.

நவ்பலுக்கு விளங்கிவிட்டது. அதே கார்.

வெளிநாட்டுக் கிட், ஸ்டேரிங் இடப்பக்கம். அதை அறுத்து வலப்பக்கம் மாற்றினான். ஊசி முனையால், அந்தக் காலத்துக் கார்களில் இருந்த மாதிரி 'சிறி' எழுத்துப் போட்டு நம்பர் பிளேட் எழுதினான். நானும் எத்தனையோ வேலைக்காரரைப் பார்த்தவன், அப்படி ஒரு பொறுமையைப் பார்த்ததில்லை. எல்லாம் சரி... நிறம்? அது வாப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். அறிந்திருந்த உம்மாவும் உயிரோடு இல்லை, மௌத்தாகிவிட்டார்.

கேட்டான். "நெறத்தத் தெரிஞ்சி என்ன செய்யப் போறாய்?" என்று மறுபக்கம் திரும்பிவிட்டார்.

மட்டி ஓடுகளில் ஒவ்வொரு நிறமாய்ப் பூசி யன்னல் கட்டையில் வரிசையாய் வைத்தான். நீலம், சாம்பல், பச்சை, கறுப்பு. ஒன்றையாவது தொட்டுக் காட்டுவார் என்று நினைத்தான். வாப்பா அதற்குப் பக்கத்திலேயே இருந்து தேத்தண்ணி குடித்தார். தொடவில்லை.

இதற்கிடையில்தான் அந்த வேலை நடந்தது. பழைய பெட்டி நசிந்ததில் காரின் கூரையில் ஒரு வெடிப்பு. கிட்டுக்கான பசை முடிந்துவிட்டது. நவ்பல் என் பட்டறையில் கொஞ்சம் றெசின் வாங்கிப் போனான். போட்டுக்கு அடிக்கிற றெசின். எங்கள் ஊரில் எது உடைந்தாலும் அதுதான்... வாளி, கதிரை, தண்ணித் தாங்கி. எங்கள் கோயில் அந்தோனியார் சுரூபத்தின் விரல்கூட அதில்தான் நிற்கிறது. கடலையே தாங்குகிறது, இந்தச் சின்னக் காரைத் தாங்காதா என்று எங்கள் இரண்டு பேருக்கும் நினைப்பு.

றெசின் இறுகும்போது சுடும் அல்லவா? அந்தப் பிளாஸ்டிக்குக்கு அது ஆகவே ஆகாது. கூரை வெண்ணெய் மாதிரி இளகி உள்ளே பதிந்துவிட்டது.

நான் போனபோது நவ்பல் துண்டுகளைப் பெட்டிக்குள் போட்டு மூடிக்கொண்டிருந்தான். "முடிஞ்சி வாப்பா, இனி ஒங்களுக்குக் கரைச்சல் இல்ல," என்றான்.

வாப்பா கதிரையில் இருந்தபடி கேட்டார். "கூரை பதிஞ்சா கார் ஓடாதா?"

நவ்பல் பெட்டியும் கையுமாய்த் திரும்பினான். வாப்பா சொல்லிக்கொண்டு போனார்.

"கீழ கரும்பச்சை. மேல பால்வெள்ள. டிரைவர் பக்கத்துக் கதவு மட்டும் சிவப்பு."

"ஏன் வாப்பா சிவப்பு?"

"அடிபட்டுப் போச்சி. வேற கார்ட கதவ வாங்கிப் போட்டன். பெயின்ட் அடிப்பம், அடிப்பம் எண்டு இருந்தன்... அதுக்குள்ள வெளிக்கிடச் சொல்லிட்டாங்க."

நவ்பல் பெட்டியைத் திறந்தான். சுடுதண்ணியில் கூரையைக் காட்டிக் காட்டி, உள்ளேயிருந்து பெருவிரலால் கொஞ்சம் கொஞ்சமாய்த் தள்ளி எழுப்பினான். ராவினான். பிறகு வலைக்குள் போனான். பெயின்ட் காயும்வரை வாப்பா வலைக்கு வெளியே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

அதற்குப் பிறகு மனுசன் கதைத்தார் பாருங்கள்... எந்தக் கலியாணத்துக்கு அந்தக் கார் போனது, யார் யார் நெரிந்துகொண்டு ஏறினார்கள், எந்த மதகில் நின்றுவிட்டது... சாகும்வரை கதைத்தார்.

பெட்டி கொடுத்த வெள்ளைக்காரர் வந்து பார்த்துவிட்டு, ஒரு கதவு பிழை, ஊரிலிருந்து அதே பச்சை அனுப்புகிறேன் என்றாராம். "நோ சேர், கரெக்ட்," என்றிருக்கிறான் நவ்பல்.

இப்போது அவனுக்குக் கிட்டெல்லாம் தபாலில் வருகிறது. எந்த இடத்துக்கு எந்த நிறம் என்று கடதாசியிலேயே இருக்கிறது, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு நம்பர். போத்தலைத் திறந்து பூச வேண்டியதுதான். இப்போதைய வேலை இன்னும் சுத்தம், இன்னும் வடிவு. அலுமாரி நிறைந்துவிட்டது.

ஆனால் ஒரு நிறத்துக்காக ஒரு மனிதரின் வாயைப் பார்த்துக்கொண்டு அவன் காத்திருந்தானே... அப்படி ஒரு கார் இனி எந்தப் பெட்டியில் வரப்போகிறது...