பல் போனவனுக்குச் சுறாப்புட்டு

எங்கள் குப்பத்தில் நாய்களுக்குக் குறைவில்லை. ஆனால் பங்கு உள்ள நாய் ஒன்றுதான், அது எங்களுடையது.

கட்டுமரம் கரையேறியதும் விற்பனைக்குப் போவது போக, வீட்டுக் குழம்புக்கென்று எடுக்கும் மீனை மணலிலேயே பிரிப்பார்கள். மரத்துக்காரருக்கு ஒரு பங்கு, வலைக்காரருக்கு ஒரு பங்கு, கடலுக்குப் போன ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு பங்கு. எல்லாம் முடிந்த பிறகு என் அப்பா, நைனா, தன் கூறிலிருந்து ஒரு மீனை எடுத்து, "இது அவன் பங்கு" என்று சொல்லித் தனியாகப் போடுவார். நாய் அதுவரை எட்ட நின்று பார்த்துக்கொண்டிருக்கும். மற்ற நாய்களைப் போலக் கூடைக்குள் மூக்கை விடாது. தன் பங்கு விழுந்ததும் நிதானமாக வந்து கவ்விக்கொண்டு போகும்.

அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணத்தில் பாதிப்பேர் ஊரைக் காலி செய்து ஓடியபோது, ராயபுரத்தில் பூட்டிக் கிடந்த ஏதோ ஒரு பங்களா வாசலில் குட்டியாக நின்றிருந்தது. துறைமுகப் பக்கம் போய்த் திரும்பிய நைனாவின் பின்னாலேயே வீடுவரை வந்துவிட்டது. "வாடா" என்றால் வரும், "போடா" என்றால் போகும். கூட வேலை செய்கிற ஆளைக் கூப்பிடுவது போலத்தான் நைனா அதைக் கூப்பிடுவார். மரம் கிளம்பும்போது அலை காலில் படும்வரை போய் நிற்கும். மரம் திரும்பும் நேரம் எப்படித்தான் தெரியுமோ, எங்களுக்கு முன்னால் அது கரையில் இருக்கும். அதனால்தான் பங்கு என்பார் நைனா. கரையில் காவல் இருப்பதும் வேலைதான் என்பது அவர் கட்சி.

அது வந்து பத்து வருஷம் ஆனபோது நான் ஐந்தாம் பாரத்தில், இன்றைய கணக்கில் பத்தாம் வகுப்பில், படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிய முதல் ஆள் நான். எங்கள் குப்பத்துப் பெண்களில் அவ்வளவு தூரம் படித்ததும் நான்தான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு அன்றும் கூச்சம் இல்லை, இன்றும் இல்லை.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு மணல் வழியாக வந்தபோது, ஏற்றிப் போட்டிருந்த மரத்துக்குப் பின்னால் நாய் பள்ளம் தோண்டுவதைப் பார்த்தேன். எல்லார் முன்னாலும் கவ்விக்கொண்டு போன சங்கரா மீனை உள்ளே வைத்து, மூக்காலேயே மணலைத் தள்ளி மூடியது. அது நகர்ந்ததும் காக்கைகள் இறங்கின. கிளறிய இடத்தில் பழைய மீன் முள் நிறையக் கிடந்தது. அது பங்கை வாங்குகிறதே தவிரத் தின்பதில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. விலா எலும்புகள் தெரியத் தொடங்கியதற்கும் காரணம் அதுதான்.

நைனாவிடம் சொன்னேன். அவர் வலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"சேத்து வெக்கிறான். உனக்கு இன்னா?"

அதற்கு வயதாகிவிட்டது நைனா என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அவனுக்கு இன்னா வயசு? உன்னெவிடச் சின்னவன் அவன்." அத்துடன் பேச்சு முடிந்தது. அவர் ஏன் அப்படிச் சீறினார் என்று அம்மா பிறகு சொன்னாள். கடலுக்குப் போக முடியாதவனுக்குப் பங்கு கிடையாது. அது யாரும் எழுதி வைக்காத சட்டம். நாய்க்கு முடியவில்லை என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டால், நாளைக்கு யாராவது, "அப்புறம் அதுக்கு எதுக்குப் பங்கு?" என்று கேட்டுவிடுவார்கள்.

விஷயம் பங்கோடு நின்றிருந்தால் பரவாயில்லை. குழாயடியில் வேறொன்று நடந்தது.

காலையில் பெண்கள் குடத்தோடு நின்றுகொண்டிருந்தபோது, குழாய்க்குக் கீழே தேங்கிய தண்ணீரில் நாய் வாய் வைத்திருக்கிறது. வைத்ததும் வீலென்று கத்திக்கொண்டு பின்வாங்கியிருக்கிறது. வாயோரம் எச்சில் ஒழுகியிருக்கிறது. எச்சில் ஒழுகும் நாய், தண்ணீரைக் கண்டு ஓடும் நாய். குழாயடிக்கு வேறென்ன வேண்டும்? நான் பள்ளிக்கூடத்துக்குப் பின்னல் போட்டு முடிப்பதற்குள் எங்கள் நாய்க்கு வெறி பிடித்துவிட்டது என்று குப்பம் முழுக்கத் தெரிந்துவிட்டது. கழியோடு ஆண்கள் வந்துவிட்டார்கள்.

குப்பத்துக்குத் தலைவராக இருந்த நாட்டார் வந்து நடுவில் நின்றார். வயதானவர், ஆனால் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. நைனா நாயைத் தன் காலுக்கிடையில் பிடித்துக்கொண்டு நின்றார். நான் சுகாதாரப் பாடத்தில் படித்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். வெறி பிடித்த நாய் எதிரில் வருபவர்களைக் கடிக்கும், இது யாரையும் கடிக்கவில்லையே என்றேன். நாட்டார் கேட்டுக்கொண்டார்.

"கட்டிப் போடு. பௌர்ணமி வரிக்கும் பாக்கலாம். நாலு பேர் பாக்க துன்னுச்சு, தண்ணி குட்சிச்சுன்னா வுட்ரலாம். இல்லாங்காட்டி, நீயே ஒரு வழி பண்ணிடு" என்றார் நைனாவிடம்.

நாயை எங்கள் வீட்டுக் கொல்லைக் கம்பத்தில் கட்டினோம். நிலா ஏற்கெனவே பாதிக்கு மேல் வளர்ந்திருந்தது.

அது எதைத் தின்னும் என்று கண்டுபிடிக்கும் வேலை என்னுடையது என்று நானே எடுத்துக்கொண்டேன். எங்கள் ஆசிரியை ஒருத்தி வீட்டில் வெள்ளை நாய் ஒன்று ரொட்டியும் பாலும் தின்பதைப் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் கொடுத்த பால் பவுடரைக் கரைத்து, தெருமுனை ரொட்டிக் கடையில் வாங்கிய ரொட்டியைப் பிய்த்துப் போட்டு வைத்தேன். எங்கள் நாய் அதை முகர்ந்தது. என்னைப் பார்த்தது. பிறகு தட்டுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது. எங்களிடம் வந்ததிலிருந்து கடல் வாசனை இல்லாத எதையும் அது சாப்பாடு என்று ஒத்துக்கொண்டதில்லை.

அடுத்து கேழ்வரகுக் கூழ். அதில் இரண்டு நக்கு நக்கியது, அவ்வளவுதான். கூழில் கருவாட்டுச் சாறு விட்டுப் பார்த்தேன். ஆசையோடு வாய் வைத்து, உப்பு எங்கோ சுரீரென்று பட்டதுபோலத் தலையை உதறிக்கொண்டு முனகியது. அப்போதுதான் அதன் வாயைப் பிடித்துத் திறந்து பார்த்தேன். கடைவாயில் ஒரு பக்கம் பல்லே இல்லை. மறு பக்கம் இருந்தவை ஆடின. ஈறு வீங்கிச் சிவந்திருந்தது. எனக்குப் பல்வலி வந்தபோது பச்சைத் தண்ணீர் பட்டாலே உயிர் போகும். இதுவும் அதேதான். அன்றிலிருந்து வெந்நீர் போட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற வைத்துக் கொடுத்தேன். வீலென்று கத்தாமல் குடித்தது. ஆனால் கொல்லையில், என் முன்னால் மட்டும் குடித்தது. யாராவது எட்டிப் பார்த்தால் நிறுத்திவிடும்.

முள்ளே இல்லாத மீனாக வேண்டும், மெல்ல வேண்டியிருக்கக் கூடாது, கடல் வாசனையும் போகக் கூடாது என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, "சுறாதான். புட்டு பண்ணிக் குடுத்தா பல்லு எதுக்கு?" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். ஏனென்றால் எங்கள் பக்கத்தில் சுறாப்புட்டு யாருக்குச் செய்வார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். பிள்ளை பெற்றவளுக்கு, பால் ஊற வேண்டுமென்று செய்வார்கள்.

மறுநாள் அம்மா சின்னப் பால்சுறா ஒன்றை முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்தாள். மஞ்சள் போட்டு வேகவைத்து, தோலை உரித்து, பிழிந்து, பூப்போல உதிர்த்தாள். அதுவரை சரி. அதன்பின் அவள் கை பழக்கத்துக்குப் போய்விட்டது. பூண்டை உரித்து நசுக்கிப் போட்டு, வெங்காயத்தோடு தாளித்து இறக்கிவிட்டாள். பிள்ளை பெற்றவளுக்குப் போடுகிற அளவு பூண்டு. நாய் ஓடி வந்து மூக்கை வைத்தது, தும்மியது, மறுபடி தும்மியது, பின்வாங்கிப் போய்ப் படுத்துவிட்டது. "நாய்க்கு எதுக்கும்மா பூண்டு?" என்று நான் கேட்க, அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

நாய் அந்த வாசனையை விட்டுவிட்டது; தெரு விடவில்லை. பக்கத்து வீட்டு அத்தை, உப்பு வாங்க வந்தவள்போல உள்ளே வந்தாள். சட்டியைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னை, என் பாவாடை தாவணியை, மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"இன்னாமே, யாருக்கு இது?" என்றாள்.

நாய்க்குப் பல் போய்விட்டது என்று நான் சொன்னதை நைனா ஒத்துக்கொள்ளவே இல்லை, வெளியில் சொல்லவும் கூடாது என்பது அவர் உத்தரவு. வெறி பிடித்ததென்று ஊர் சொல்லும் நாய்க்குச் சுறாப்புட்டு என்று சொல்லவும் முடியாது. அம்மா தடுமாறி, "எனக்குத்தான்" என்றாள். "சும்மா, ஆசையா இருந்திச்சு."

ஆசையாக இருந்ததாம். அத்தைக்கு அது போதும். என்னைவிட்டு அவள் பார்வை அம்மாவின் வயிற்றுக்குப் போனது. மறுநாள் குழாயடியில் எனக்குத் தனியாக இடம் விட்டார்கள். ஒருத்தி, உங்கம்மா குடம் தூக்க வேணாம், நீயே வந்து ரொப்பிகினு போ என்றாள். இன்னொருத்தி, இந்த வயசில் ஒரு தம்பி பிறந்தால் நீ படிப்பை விட்டுவிட்டு அதைத் தூக்கிக்கொள்ள வேண்டியதுதான் என்றாள். நான் குடம் நிறைவதற்கு முன்பே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கரையில் நைனாவுக்கு இதைவிட மோசம். அவரோடு மரத்தில் போகும் இளவட்டங்கள் அன்று முழுக்க அவரைத் துடுப்புப் போடவே விடவில்லையாம். குந்து மாமு, வூட்ல செலவு வருது, ஒடம்பப் பாத்துக்க என்றார்களாம். அவர் முகம் கறுத்து வீட்டுக்குள் வந்து, அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். அம்மாவின் குரல்தான் எனக்குக் கேட்டது.

"நல்லா கேட்டே போ. நீ உன் நாய்க்குப் பல்லு கீதுன்னு சொல்லிகினு இரு. ஊரு எனக்கு வளைகாப்பு வெச்சிகினு கீது."

நைனா வெளியே வந்தார். கொல்லைக்குப் போய் நாயின் பக்கத்தில் குந்தினார். அதன் வாயைப் பிரித்து, நான் பார்த்த இடத்தையெல்லாம் பார்த்தார். விரலால் ஈறைத் தொட்டபோது அது முனகியது. கையைக் கடிக்கவில்லை, நக்கியது. "எப்போடா போச்சு?" என்று மெல்லக் கேட்டார். பிறகு எழுந்து வந்து, பூண்டு இல்லாமல் செய்யச் சொன்னார்.

பௌர்ணமி அன்று அம்மா மறுபடி புட்டு செய்தாள். பூண்டு இல்லை, வெங்காயம் இல்லை, மிளகாய் இல்லை; வெந்த சுறா, கொஞ்சம் மஞ்சள், அவ்வளவுதான். நைனா அலுமினியத் தட்டை ஒரு கையில் ஏந்தி, நாயை மறு கையில் கயிற்றோடு பிடித்து, மீன் பிரிக்கும் நேரத்துக்குக் கரைக்குப் போனார். வெதுவெதுப்பான தண்ணீர்ச் சொம்போடு நான் பின்னால் போனேன். அம்மாவும் வந்தாள், வேண்டுமென்றே கொசுவத்தை இறுக்கிச் செருகிக்கொண்டு.

கூட்டம் வழிவிட்டது. மரத்துக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று பிரித்து முடியும்வரை நைனா காத்திருந்தார். பிறகு எல்லாரையும் பார்த்துச் சொன்னார்.

"என் பொண்டாட்டிக்கு ஒண்ணும் இல்ல. இவனுக்கு வெறியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பல்லுதான் போச்சு. வயசாயிடுச்சு. இனிமே மீனு துன்ன முடியாது, புட்டுதான் துன்னுவான். பங்கு வோணாம்னு யாராச்சும் சொல்றதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

எல்லாரும் நாட்டாரைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்தார். முன்பல் இரண்டைத் தவிர அதில் ஒன்றும் இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

"பல்லு போனா பங்கு போயிடும்னா, எனக்கு எவன்டா சோறு போடுவான்?"

முதலில் சிரித்தது அத்தைதான். பிறகு அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தச் சத்தத்தில் நாய் மிரண்டுவிடுமோ என்று நான் பயந்தேன். அது தின்றால்தானே எல்லாம்? நைனா தட்டை மணலில் வைத்து, எப்போதும் சொல்வதுபோல, "இது அவன் பங்கு" என்றார்.

நாய் தட்டைப் பார்த்தது. கவ்விக்கொண்டு போகும்படி ஒன்றும் இல்லை. தட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தது. பிறகு அது வாலை லேசாக ஆட்டி, தலையைக் குனிந்து, நாக்கால் ஒரு வாய் எடுத்தது. விழுங்கியது. அடுத்த வாய்க்கு அவசரம் வந்துவிட்டது. தட்டு மணலில் நகர நகர அதன் பின்னாலேயே போனது. நைனா குனிந்து தட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. காலியான தட்டில் நான் தண்ணீரை ஊற்றினேன். அதையும் சளக் சளக்கென்று, அத்தனை பேர் பார்க்க, கடைசிச் சொட்டுவரை குடித்தது.

நாட்டார் கையைக் காட்ட, நைனா கழுத்துக் கயிற்றை அவிழ்த்தார்.

அதன்பிறகு எங்கள் மரத்தில் சின்னச் சுறா விழுந்தால் யாரும் கேட்காமலே ஒதுக்கி வைப்பார்கள். சுறா இல்லாத நாட்களில் திருக்கை, அதுவும் இல்லையென்றால் இறால் தலையை வேகவைத்துப் பிழிந்த சாறு கலந்த கஞ்சி. வாய்க்குப் பிடிக்காத நாளில் தட்டைக் காலால் தள்ளிவிடும் அளவுக்கு அதற்குத் திமிர் வந்துவிட்டது. அம்மா திட்டிக்கொண்டே வேறு செய்வாள். சமையலில் கைவைத்து அறியாத நைனா, கரையேறியதும் கைகால் கழுவிவிட்டு, சட்டிமுன் குந்திச் சுறாவை உதிர்ப்பார். விரலுக்குக் கடினமாக எது பட்டாலும் எடுத்துத் தூரப் போடுவார். அவர் உதிர்க்கிற வேகம் போதாமல் நாய் மூக்கால் அவர் முழங்கையைத் தள்ளும். "இருடா, இருடா" என்பார் அவர்.