பாப்பா பேரும் ஒரு கேக்கும்

பேக்கரியில் அவருக்கு எழுத்தாளர் என்று பெயர். கிண்டலாக வைத்ததுதான், ஆனால் பொய்யில்லை. காலையில் கையைக் கழுவி ஏப்ரனைக் கட்டினால் மாலை வரை எழுத்துதான் வேலை. பட்டர் பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி, க்ரீமை நிரப்பி, நுனியைக் கத்தரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேக்கின் மேல் பெயர் எழுதுவார். பிறந்தநாள் பிள்ளைகள், கல்யாண நாள் தம்பதிகள், வேலையிலிருந்து ஓய்வு பெறுகிற மேனேஜர்கள், எல்லார் பெயரும் அவர் கை வழியாகத்தான் போகும். "எழுதினது அன்னிக்கே காலியாகிற ஒரே எழுத்தாளர் நம்ம ஆளுதான்" என்று அடுப்பு மாஸ்டர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். எழுத்தாளருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. பெயரை நட்டநடுவில் எழுத மாட்டார். கொஞ்சம் ஓரமாக எழுதி, கத்தி இறங்க இடம் விடுவார். யாருடைய பெயராக இருந்தால் என்ன, அதன் மேல் கத்தி விழுவதைப் பார்க்க அவருக்கு மனசு வராது. இப்படி ஊரார் பெயரையெல்லாம் பொத்திப் பொத்தி எழுதிய மனுஷன், சொந்தப் பிள்ளைக்கு ஒரு பெயர் வைக்கப் பட்ட பாடு இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வந்தேன்.

அவர் மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் மூக்கையும் காதையும் பார்த்து, பொருத்தமான ஃபிரேமை எடுத்து மாட்டிவிடுவாள். உண்டானது தெரிந்த அன்றே ஒரு பெயரை அவள் முடிவு செய்துவிட்டாள். பள்ளிக்கூட நாளிலிருந்து ஆசைப்பட்டு வைத்திருந்த பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் அதைச் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள்.

முதலில் எழுத்தாளரின் அப்பா. பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தும்மினால் பக்கத்து வீட்டில் பாத்திரம் உருளும். பிள்ளைகள் அவருக்குத் தெரியாமல் வைத்த பெயர் ஹாரன். "பேருன்னா கூட்டத்துல கூப்பிட்டாலும் காதுல விழணும். இது பாதி வழியிலேயே இறங்கிடும்" என்றார் ஹாரன். அடுத்து அக்கா. "எங்க ஆபீஸ்ல இந்தப் பேர்ல ஒருத்தன் இருக்கான். காலையில வந்து ஃபேனைப் போடுவான், சாயங்காலம் அணைப்பான். வேற ஒரு வேலையும் செய்ய மாட்டான்." மறுநாள் பேக்கரியில் மாஸ்டர் விரலால் காற்றில் அளந்து பார்த்து, "அரைக் கிலோ கேக்குல அடங்காதேப்பா" என்றார். எல்லாரும் நல்லதுக்குத்தான் சொன்னார்கள். அதுதான் தொல்லையே. கெட்டதுக்குச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அந்த வாரம் முடிவதற்குள் பெயர் செத்துவிட்டது. "அதை நினைச்சாலே ஃபேன் போடற ஆள்தான் கண்ணுக்கு முன்னாடி வரான். எனக்கு வேண்டாம்" என்று மனைவி சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அழுதாள். எழுத்தாளருக்கோ, பெயர் எழுதிப் பிழைக்கிற கையால் அவளுக்கு ஒரு பெயரைக் காப்பாற்றிக் கொடுக்க முடியவில்லையே என்று இருந்தது.

இரண்டாவது பெயர் மொட்டைமாடியில் வந்தது. ஆளுக்கொரு முனையாகப் பிடித்துப் போர்வையை உதறிக்கொண்டிருந்தார்கள். உதறலுக்கு நடுவே அவள் மெல்ல ஒரு பெயரைச் சொன்னாள். அவர் திருப்பிச் சொன்னார். அவள் இன்னொரு தரம் சொன்னாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆணானாலும் பெண்ணானாலும் பொருந்துகிற பெயர். கூப்பிடும்போதே வாய்க்கு இதமாக இருந்தது. என்ன பெயர் என்று என்னைக் கேட்காதீர்கள். அவள் அங்கேயே, ஈரப்போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு சத்தியம் வாங்கிவிட்டாள்.

"பிள்ளையைக் கையில வாங்கி முதல்ல நான்தான் கூப்பிடணும். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. எங்க கடைக்கு நாலு பேரைக் கூட்டிக்கிட்டு வர்றவங்க ஒருநாளும் கண்ணாடி வாங்கினதில்லைங்க. ஆளுக்கொண்ணு சொல்லி, கடைசியில வெறும் மூக்கோட திரும்பிப் போவாங்க." போர்வையைக் கொடியில் போட்டுவிட்டு, "இந்தப் பேரும் போயிடுச்சுன்னா இன்னொண்ணு தேட எனக்குத் தெம்பு இல்லை" என்றாள்.

எழுத்தாளர் மூச்சு விடவில்லை. ஆனால் சந்தோஷத்தை எங்கே ஒளித்துவைப்பது? பெயர் தொண்டைவரை வந்து வந்து நின்றது. பஸ்ஸில் போகும்போது வந்தது, பல் தேய்க்கும்போது வந்தது. கடையில் கூட்டம் ஓய்ந்ததும் ஒரு தட்டைக் கவிழ்த்துப் போட்டு, மிச்ச க்ரீமில் அந்தப் பெயரை எழுதிப் பார்ப்பார். சாய்த்து எழுதுவார், உருட்டி எழுதுவார், கடைசி எழுத்தில் ஒரு சுழி வைத்துத் தலையைச் சாய்த்து ரசிப்பார். மாஸ்டரின் செருப்புச் சத்தம் கேட்டால் விரலால் வழித்து வாயில் போட்டுக்கொள்வார். தடயம் வயிற்றுக்குள் போய்விடும். மனைவி உண்டாகியிருக்க இவருக்கு ஏன் தொப்பை போடுகிறது என்று கடையில் எல்லாரும் சிரித்தார்கள்.

இந்த நேரத்தில்தான் அக்கா மகளின் பிறந்தநாள் வந்தது. அன்று காலை மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தார். பிள்ளை தலை திரும்பிவிட்டது, இனி எந்த நாளும் ஆகலாம் என்று டாக்டரம்மா சொல்லியனுப்பினார். எழுத்தாளருக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு வந்தவர் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே அக்கா சொல்லிவைத்திருந்த கேக்கை எடுத்தார். தாய்மாமன் போடுகிற கேக், பெரிய கேக். ரோஸ் நிற க்ரீமை வழவழவென்று பூசி, கூம்பை எடுத்து எழுத ஆரம்பித்தார். கை பழகின பாதையில் அதுபாட்டுக்கு ஓடியது. வழக்கமாகப் பெட்டி மூடுமுன் கவுண்டரில் இருக்கிறவர் பெயரை வாய்விட்டுப் படித்துச் சரிபார்ப்பார். இது சொந்த வீட்டுக் கேக்தானே என்று எழுத்தாளர் தானே மூடி, தானே ரிப்பன் கட்டிவிட்டார்.

அக்கா வீட்டில் பலூன், தொப்பி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று ஒரே அமளி. அக்கா ரிப்பனை அவிழ்த்து மூடியைத் தூக்கினாள். தொப்பி போட்ட அக்கா மகள் நாற்காலி மேல் ஏறி, எழுத்துக்கூட்டிப் படித்தாள். படித்துவிட்டு, "மாமா, இது யாரு?" என்று கேட்டாள்.

எழுத்தாளர் எட்டிப் பார்த்தார். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை, நட்டநடுவில், கடைசி எழுத்தில் சுழியோடு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது அந்தப் பெயர். நடுவே கத்தி இறங்க இம்மி இடம் இல்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்தில் மனைவி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"கடையில மாத்திக் கொடுத்துட்டாங்களா?" என்றாள் அக்கா. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் நம் ஆளுக்குப் பொய் சொல்ல நினைத்தாலே காது சிவந்துவிடும். சின்ன வயதிலிருந்து அந்தக் காதைப் பார்த்து வளர்ந்தவள் அக்கா. காதைப் பார்த்தாள், தம்பி பெண்டாட்டியின் வயிற்றைப் பார்த்தாள். "அடப்பாவி, பாப்பாவுக்கு வச்ச பேரா?" என்றாள். குட்டு உடைந்தது.

உடனே ஆரம்பித்துவிட்டார்கள். "நல்லாத்தான் இருக்கு, ஆனா..." என்றாள் அக்கா. அந்த ஆனாவுக்குப் பின்னால் ஒரு மூட்டை வந்தது. அத்தான் தன் பங்குக்கு, "முன்னாடி ஏதாவது சேர்த்தா கம்பீரமா இருக்கும்" என்றார். ஹாரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேக்கைக் குனிந்து பார்த்தார். "ஆணா பொண்ணான்னே தெரியலையே. சரி, கூப்பிட்டுப் பார்த்துடறேன்" என்று நெஞ்சை நிமிர்த்தி, டிப்போவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கூப்பிடுகிற குரலில் அந்தப் பெயரைக் கூப்பிட்டார். ஜன்னல் அதிர்ந்தது. பிள்ளைகள் விளையாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஹாரனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. இன்னொரு தரம், கொஞ்சம் மெதுவாக, கொஞ்சுகிற மாதிரி கூப்பிட்டுப் பார்த்தார். "ம்ஹூம், எனக்குப் பிடிக்கலை" என்று உட்கார்ந்தார்.

இதற்குள் அக்கா மகளின் உதடு பிதுங்கிவிட்டது. "எனக்குத்தானே பர்த்டே. என் பேர் எங்க?" நியாயமான கேள்வி. அக்கா சட்டென்று ஒரு வழி சொன்னாள். "டேய், மேல இருக்கிறதைச் சுரண்டிட்டு இவ பேரை எழுதுடா. பாப்பாவுக்கு வேற பேர் பொறுமையா பார்த்துக்கலாம்."

எழுத்தாளர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலை குனிந்திருந்தது. "சுரண்டிடுங்க" என்றாள். அன்றைக்குச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபோது பேசிய அதே குரல்.

சமையலறையிலிருந்து பட்டைக் கத்தி வந்தது. தப்பாகிப்போன எத்தனையோ பெயர்களை அலுங்காமல் வழித்தெடுத்த கை, இன்று மெல்ல மெல்லத்தான் நகர்ந்தது. கத்தி முதல் எழுத்தின் ஓரத்தைத் தொட்டது. அதே நேரம் ஒரு முரட்டுக் கை அவர் மணிக்கட்டைப் பிடித்தது. ஆயுசெல்லாம் ஸ்டியரிங் பிடித்த கை.

"கத்தியை எடுடா" என்றார் ஹாரன்.

"நீங்கதானேப்பா பிடிக்கலைன்னீங்க" என்றாள் அக்கா.

"பிடிக்கலைதான். இப்பவும் பிடிக்கலை. ஆனா வாய் நிறைய ரெண்டு தரம் கூப்பிட்டுட்டேனே. கூப்பிட்ட பிள்ளையை எப்படிம்மா சுரண்டறது?" அவர் குரல் கம்மியது. ஹாரன் கம்மிப்போய் அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. மருமகளைப் பார்த்து, "பிடிக்கிறதும் பிடிக்காததும் என் கவலை. நான் போகப் போகப் பழகிக்குவேன். நீ எதுக்குத் தலையைக் குனியறே?" என்றார்.

அவள் நிமிர்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியிலிருந்து கையை எடுத்தாள். "இதுதான் பேர். இன்னும் யாருக்காவது ஏதாவது சொல்லணும்னா சொல்லிடுங்க. கேட்டுக்கறேன். மாத்த மாட்டேன்" என்றாள். அத்தான் வாயைத் திறந்தார். அக்கா ஒரு பிஸ்கட்டை எடுத்து அதில் வைத்து அடைத்தாள். எழுத்தாளருக்கு ஓடிப் போய்ப் பெண்டாட்டியைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கையில் கத்தி இருந்ததால் செய்யவில்லை.

பிறகு அங்கே நடந்தது பெரிய கூத்து. "என் பேர் பாப்பா பேரை விடப் பெருசா இருக்கணும்" என்று அக்கா மகள் பிடிவாதம் பிடித்தாள். மேலேதான் இடம் இல்லையே. எழுத்தாளர் ஒரு காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, ஃபிரிட்ஜிலிருந்த ஜாமை நிரப்பி, முட்டி போட்டுக்கொண்டு கேக்கின் பக்கவாட்டில் சுற்றிச் சுற்றி அவள் பெயரை எழுதினார். அவர் சுற்ற அவளும் சுற்ற, பிள்ளைகளெல்லாம் பின்னாலேயே சுற்றினார்கள். எல்லாரும் பெயரைத் தொடாமல் மேலும் கீழும் ஓரம் ஓரமாக வெட்டித் தின்று, கடைசியில் நடுவில் அந்தப் பெயர் மட்டும் மிஞ்சியது. "இது எங்களுக்கு" என்று அம்மா ஆகப் போகிறவள் தட்டோடு எடுத்துக்கொண்டு போய், ஒரு துளி விடாமல் சாப்பிட்டாள்.

அடுத்த வாரமே பிள்ளை பிறந்தது. சொன்னபடி முதலில் அவள்தான் கூப்பிட்டாள். கூப்பிட்டு முடிக்குமுன் வராந்தாவிலிருந்து ஹாரன் இரண்டாவதாகக் கூப்பிட, நர்ஸ் ஓடி வந்து அவரை மாடிப்படிக்குத் துரத்தினாள்.

இப்போதெல்லாம் சாயங்காலம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பது ஹாரன்தான். யாராவது பெயரைக் கேட்டுவிட்டு, "என்னங்க இப்படி ஒரு பேர் வச்சிருக்கீங்க" என்று இழுத்தால் தொலைந்தார்கள். "ஏன், என்ன குறைச்சல்?" என்று நடுத்தெருவிலேயே பிடித்துக்கொள்வார். போன வாரம்கூடப் பால்காரரை அரைமணி நேரம் நிற்க வைத்துவிட்டார். பெயரைச் சொல்ல எனக்கு இனி ஒரு தடையும் இல்லை. ஆனால் கேட்டுவிட்டு நீங்கள் முகத்தைச் சுளித்தால் ஹாரனுக்கு யார் பதில் சொல்வது?