ரெண்டு குடம் தண்ணி

கெட்டி இரும்பு மேல, அறுக்குற ஆக்ஸா பிளேடு வழுக்கும்போது ஒரு சத்தம் வரும் பாருங்க... பல்லு கூசும். நாப்பது வருஷம் ஆச்சி. இன்னும் காதுலயே இருக்குது.

எண்பதுகள்ல சித்தூர்ல, வீட்டு பின்னால கொட்டாய் போட்டு இரும்பு வேல செஞ்சிக்கினு இருந்தேன். நானும் என் சம்சாரம் எஸ்தரும்தான். அவ துருத்தி ஊதுவா, நான் அடிப்பேன்.

மாங்கா கூழ் ஃபேக்டரி ஒண்ணுல கத்தி கேட்டாங்க. திங்கக்கிழமை சாயந்திரம் அஞ்சு கத்தி மாதிரிக்கு காட்டணும். புடிச்சிருந்தா சீசன் முழுக்க எங்க கத்திதான்.

ஸ்கிராப்ல பழைய லாரி ஸ்பிரிங் பட்டை வாங்கியாந்தேன். அது அப்படியே அறுபடாது. செவக்க காய்ச்சி, சூடு சாம்பல்ல பொதச்சி ஒரு நாள் விட்டுடணும். மெதுவா ஆறினாதான் எளகும். சட்டுனு தண்ணி பட்டுச்சோ... போச்சி, இன்னும் கெட்டியாயிடும்.

சனிக்கிழமை அவ சர்ச் பெருக்க போயிருந்தா. நானே ஊதி, நானே காய்ச்சி, கொட்டாய் வாசல் சாம்பல் குழியில பொதச்சிட்டு, கத்தி பிடிக்கு ரிவெட் வாங்க திருப்பதி பஸ் ஏறிட்டேன்.

ஞாயித்துக்கிழமை சுத்தியல தொடமாட்டோம், எங்க வீட்டு கட்டுப்பாடு அது. அன்னிக்கு எங்க வீட்லதான் ஜெபக்கூட்டம் வேற.

திங்கக்கிழமை காலைல எடுத்து வைஸ்ல இறுக்கி அறுத்தா... பிளேடு வழுக்குது. ஆறு பிளேடுக்கு பல்லு போச்சி.

"சாம்பல்ல யாராவது தண்ணி ஊத்துனாங்களா?"

"நான்தாங்க. கங்கு தெரிஞ்சிச்சி. ஜெபத்துக்கு வர்ற புள்ளைங்க கால வெச்சிடப்போதுன்னு ரெண்டு குடம் ஊத்தினேன்."

நான் அந்தாண்ட போனதும் இந்தாண்ட வந்திருக்கா. வெயில்ல சாம்பல் காஞ்சி கெடந்ததால எனக்கு தெரியல. மறுபடி காய்ச்சி ஆறவிட ஏது நேரம்? ஆர்டர் யாரோ ஒரு வேலூர்காரனுக்கு போயிடுச்சி.

"இனிமே கொட்டாயில கால வெக்காத"ன்னுட்டேன்.

உள்ள பட்டை இருக்குதுன்னு அவகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு போகாதவன் நான்தானே. அன்னிக்கே தெரியும் எனக்கு. வாய தொறந்து சொல்லல. பாவி.

அப்புறம் அவ உள்ள வரவே இல்ல. நாலஞ்சி தபா கூப்ட்டேன். "வேணாங்க, நான் வந்தா வேல கெட்டுடும்"னு சாதாரணமாதான் சொல்லுவா. சோறு கூட வெளியவே வெச்சிட்டு, ஒரு குரல் குடுத்துட்டு போயிடுவா. இருபத்திரெண்டு வருஷம்... அப்படியே கர்த்தர்கிட்ட போய்ட்டா.

இப்ப பையன் கட்டிங் மெஷின் வாங்கி குடுத்திருக்கான். அந்த பட்டை மூலையில துரு புடிச்சி கெடந்திச்சி. போன மாசம் எடுத்து வெச்சி அறுத்தேன். காய்ச்சவும் இல்ல, பொதைக்கவும் இல்ல. ரெண்டே நிமிஷம்... துண்டாயிடுச்சி.

ரெண்டு நிமிஷ வேலைங்க அது. அதுக்கா அப்படி சொன்னேன் அவள.