மஞ்சள் ஹெல்மெட்டும் நாலு திரைகளும்

எங்கள் பம்பு உதிரிபாகக் கடையில் கவுன்டர் அக்காவைப் பார்த்தால் எட்டுக் கைகள் இருப்பதாகத்தான் தோன்றும். ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, இடது கையால் சாமானை எடுத்துக் காட்டி, வலது கையால் கீபோர்டைத் தட்டுவார். மவுஸைத் தொட்டு நான் பார்த்ததில்லை. பதினாறு வருஷமாக அதே நாற்காலி. வேறு யாராவது உட்கார்ந்தால், "எழுந்திரிப்பா, அது உனக்குப் பழகாது" என்பார்.

மஞ்சள் ஹெல்மெட் அவருடைய கண்டுபிடிப்பு. சரக்கு விவரம் முழுக்க ஒரே ஃபைலில் இருந்தது. கவுன்டர், கொள்முதல், கிடங்கு, டெலிவரி என நாலு கம்ப்யூட்டரிலும் அதைத் திறக்கலாம். ஆனால் இரண்டு பேர் ஒரே சமயத்தில் எழுதினால், ஒருவர் எழுதியது மாயமாகிவிடும். ஒருமுறை கடைசி மோட்டாரை இரண்டு பேருக்கு விற்றுவிட்டு நாங்கள் வாங்கிக் கட்டிக்கொண்டது ஜென்மத்துக்கும் போதும். மறுநாளே அக்கா கிடங்கிலிருந்து ஹெல்மெட்டைக் கொண்டுவந்தார். அதைத் தலையில் போட்டிருப்பவர் மட்டுமே எழுதலாம். அப்புறமென்ன, "யாரு உள்ள?" என்று ஒருவர் கத்த, "நான்தான், ரெண்டு நிமிஷம்!" என்று இன்னொருவர் கத்த, இடமே சந்தைக்கடை ஆகிவிட்டது.

முதலாளிக்கு ஒருநாள் ஞானோதயம் வந்தது. நல்ல சாஃப்ட்வேர் வாங்கிவிடலாம் என்றார். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன் என்பதால் தேர்வு என் தலையில் விழுந்தது. கூடவே ஒன்று சொன்னார்: "புதுசை வேகமா ஓட்டறவங்கதான் கவுன்டர்ல இருக்கணும். அக்காவுக்கு வரலேன்னா பேக்கிங்குக்கு அனுப்பிடலாம்."

அது அக்கா காதிலும் விழுந்தது. அன்று மதியம் அவர் சாப்பிடவே இல்லை. "வர்றவங்க முகத்தைப் பாக்காம, அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கிட்டு நான் என்னப்பா பண்ணுவேன்?" என்றார். எனக்கு முதலாளி மேல் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவர் சொன்னபடியே கம்பெனிகளுக்கு ஃபோன் போட்டேன். என் வீரமெல்லாம் வீட்டோடு சரி.

இரண்டு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். இருவருடைய சாஃப்ட்வேரிலும் சரக்கு விவரம் ஒரே இடத்தில்தான் இருக்கும். நாலு பேரும் அதைப் பார்த்து எழுதும் திரைதான் வேறு வேறு. முதலாமவருடையது பளபளவென்று இருந்தது. படம், கலர், சுற்றும் சக்கரம்! நானும் முதலாளியும் வாயைப் பிளந்தோம். இரண்டாவது, வெறும் சாம்பல் நிறக் கட்டங்கள். விற்க வந்தவரே கொட்டாவி விட்டார்.

பளபளப்பில் ஒரு பில் போட மவுஸை ஏழு முறை நகர்த்த வேண்டும். அக்கா போட்டுப் பார்த்ததில், தோளிலிருந்து ஃபோன் இரண்டு தடவை விழுந்தது. முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். போச்சு, அக்கா சீட்டு கிழிஞ்சது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது அக்கா எழுந்தார். "ஸ்டாக்ல ஒரே ஒரு வால்வு இருக்குன்னு போடுங்க. நாலு பேரும் நாலு கம்ப்யூட்டர்ல உக்காருவோம். டெலிவரி தம்பி வெளிய போயிருக்கான், அவன் சீட்டுக்கு நீங்க வாங்க சார். மூணு எண்ணினதும் எல்லாரும் அதை வித்துடணும்."

எண்ணினார். பளபளப்பு நாலு பேருக்குமே 'விற்பனை முடிந்தது' என்று பூங்கொத்து காட்டியது. ஒரு வால்வு, நாலு விற்பனை! "நெட் ஸ்லோவா இருக்குங்க" என்று சமாளித்தார் கம்பெனிக்காரர்.

"இதுக்கு என் ஹெல்மெட்டே தேவலாமே!" என்றார் அக்கா.

அடுத்து சாம்பல். மவுஸே வேண்டாம், கீபோர்டே போதும். ஒருவருக்குத்தான் கிடைத்தது. மற்ற மூன்று திரையிலும், 'கவுன்டர் எடுத்துவிட்டது, இருப்பு இல்லை' என்று வந்தது.

"நீயே எண்ணி நீயே ஜெயிக்கறியா? கள்ளாட்டம்!" என்று குதித்தார் முதலாளி. இந்த முறை அவரே எண்ணினார், அதுவும் ஒன்றிலிருந்து மூன்றுக்குத் தாவி. அப்போதும் கவுன்டர்தான் எடுத்தது. அக்காவின் தோளில் ஃபோன் வேறு இருந்தது. யாரிடமோ வாஷர் அளவு கேட்டுக்கொண்டிருந்தார்.

முதலாளி தலையைச் சொறிந்தார். "சரி சரி, சாம்பலையே வாங்கு" என்றார் என்னிடம்.

புதுசு வந்த முதல் நாள் கடை அமைதியாக இருந்தது. அந்த அமைதி எங்களுக்கே பழகவில்லை. முதலாளிக்குச் சரக்கு விவரம் பார்க்க வேண்டியிருந்தது போல. பழக்க தோஷத்தில் அறைக்குள்ளிருந்து கத்தினார்: "யாரு உள்ள?"

"நாலு பேரும்தான் சார்! நீங்களும் வாங்க, ஹெல்மெட் வேணாம்!" என்று தன் நாற்காலியிலிருந்தே குரல் கொடுத்தார் அக்கா.