மூன்று வயரில் ஒன்று

எங்கள் குளத்து மதகான துருசுக்குக் கீழே ஒரு கொட்டில் இருக்கிறது. துருசால் பாயும் தண்ணீரால் ஒரு மோட்டரைச் சுற்றவைத்து அங்கே கறண்ட் எடுக்கிறோம். வயல் செய்வோரின் கமக்காரர் சங்கம் அதைப் பார்க்கும் வேலையை எனக்குத் தந்திருந்தது. போன சிறுபோகத்தில் மோட்டர் எரிந்துபோக, செப்புக்கம்பியைப் புதிதாகச் சுற்றித் தந்தவர் என் மனுசன்.

போர்க்காலச் சண்டையில் அவருக்கு ஒரு கண் போய்விட்டது. மற்றதிலும் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. விரலால் தடவித்தான் சுற்றுகளை எண்ணுவார்.

பூட்டி ஓடவிட்ட அன்றே சனியன் பிடித்தது. ஊருக்குப் போகும் மூன்று வயர்களில் ஒன்றில் மட்டும் கறண்ட் மிகக் கூடுதலாக ஓடியது. மோட்டரில் கை வைக்க முடியாத சூடு. சங்கத் தலைவர் வந்து பார்த்தார்.

"சுத்தினதிலதான் பிழை, தங்கச்சி. கண் தெரியாத மனுசனிட்டக் குடுத்தது எங்கட மடத்தனம்," என்றார். அந்த மனுசன் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடி என் மனுசன் சொன்னார்: "எங்கயோ எண்ணிக்கை விட்டிட்டன் போல. இனி இந்த வேலை வேண்டாம்."

"விசர்க் கதை கதையாதேங்கோ. மோட்டரில பிழையோ வெளியில பிழையோ எண்டு பாக்காமல் ஆர் தீர்ப்புச் சொன்னது?"

பார்க்க வழி இருக்கிறது. அவருக்கும் தெரியும், மனம் விட்டுப்போயிருந்தது. மோட்டரை நிற்பாட்டி, அதிலிருந்து வரும் மூன்று முனைகளையும் ஒரே பக்கமாக ஒவ்வோர் இடம் தள்ளிப் பூட்டவேண்டும். மறுபடி ஓடவிட, கூடின கறண்ட் மோட்டர் முனையோடு இடம் மாறினால் பிழை சுற்றியதில். அதே ஊர் வயரில் நின்றால் பிழை ஊரில்.

தலைவரையும் கூப்பிட்டு அப்படியே செய்தேன். கறண்டை அளக்கும் மீற்றரை ஒவ்வொரு வயரிலும் கவ்வவிட்டுப் பார்த்தேன். கூடுதல் அசையவில்லை. அதே வயர்தான், அம்மன் கோயில் பக்கம் போகிற வயர்.

"மோட்டரில பிழை இல்லை," என்றேன்.

மனுசன் நம்பவில்லை. "என்ர மனம் நோகுமெண்டு சொல்லுறீரோ?"

"பொய் சொல்லித் தேத்துற ஆளோ நான்?"

அவர் மீற்றரை என் கையிலிருந்து வாங்கித் தலைவரிடம் நீட்டினார். "அண்ணை, நீங்கள் வாசியுங்கோ."

தலைவர் ஒவ்வொரு வயராக வாசித்தார். நான் சொன்னதுதான் வந்தது. கோயில் வயரை வாசித்தவர் தலையைச் சொறிந்தார். பிறகுதான் கதை வெளியில் வந்தது. அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்குக் கிட்ட அடித்த காற்றில் மற்ற இரண்டு வயர்களும் அறுந்து, கோயில் வயர் மட்டும் தப்பியிருந்தது. அம்மன்ர வயர் அணையாது என்று சனம் வீடு வீடாகத் தங்கள் இணைப்பை அதற்கு மாற்றிவிட்டது. அறுந்த வயர்களைப் பிறகு இழுத்துக் கட்டியும் ஒருவரும் திரும்ப மாற்றவில்லை. எங்களுக்கு ஒருவரும் மூச்சு விடவில்லை. மோட்டர் எரிந்ததும் அதற்குப் பிறகுதான். முதலில் மாற்றியவர் தலைவர்.

"நல்ல வேலை, அண்ணை. முழு ஊரையும் அம்மன்ர தலையில ஏத்திப்போட்டு என்ர மனுசனைக் குருடன் எண்டனீங்கள்," என்றேன்.

"அப்ப நான் எண்ணினது சரி," என்றார் மனுசன். "அண்ணை, இன்னொருக்கா வாசியுங்கோ."

தலைவர் மறுபடி மீற்றரை வைத்து, ஒவ்வொன்றாக, உரத்து வாசித்தார். மூன்றாம் தரமும் கேட்டார் மனுசன். அதையும் வாசித்தார். நான் வாய்க்கால் பக்கம் திரும்பி நின்று அழுதேன்.