மேடு ஏறாத எண்ணூற்றைம்பது

மலேசியாவில் ஜோகூர் பக்கத்துச் சின்ன ஊரான லாயாங் லாயாங்கில் யோகேஸ்வரி என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். தண்ணி லாரி ஓட்டிய காளியப்பனின் மூத்த மகள், போன வருஷம் தவறிப்போன சபாபதியின் சம்சாரம், பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறவள் என்றால், "ஓ, அந்த மேடு ஏறாத கஞ்சிலா?" என்பார்கள். ஒன்பது வருஷமாக அவளுக்கு அந்தப் பெயர்தான்.

ரப்பர் தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்த நம் ஆட்களில் பாதிப்பேருக்கு முதல் வண்டி கஞ்சில் என்கிற சின்னக் கார்தான். முதலில் வந்தது 660 சி.சி. இஞ்சின். பின்னால் வந்தது 850. இரண்டுக்கும் மூன்று சிலிண்டர். வெளியே நின்று பார்த்தால் கூடப்பிறந்தவர்கள் மாதிரி இருக்கும். 660 பெட்ரோலை மோந்து பார்த்துக்கொண்டே ஓடும், டவுனுக்குள் அது போதும். நாலு பேரையும் ஒரு மூட்டை அரிசியையும் ஏற்றி மேட்டில் விட்டால்தான் மூச்சு வாங்கும். 850 தன்னைக் காட்டுவது அங்கேதான். அதிலும் ஆட்டோ கியர் வைத்த ஈ.இஸட் கொஞ்சம் சோம்பேறி. கையால் கியர் போடுகிற ஈ.எக்ஸ்தான் மேட்டுக்கு ஏற்றது. சபாபதி வாங்கியது அந்த 850 ஈ.எக்ஸ். அவருக்கு ஜோகூர் பாருவில் ஷிப்ட் வேலை, கம்பெனி பஸ்ஸில் போய் வந்துவிடுவார். வண்டியை ஓட்டியது யோகேஸ்வரிதான்.

வாங்கிய புதிதில் செம்பனைக் காட்டு ஏழாம் நம்பர் மேட்டில் மாமியாரையும் மூன்று அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு மூன்றாவது கியரிலேயே ஏறியிருக்கிறாள். பிறகு ஒருநாள் வண்டி அப்படி ஏறவில்லை. இரண்டாவது கியருக்கு இறங்கினாள். சில நாள் முதல் கியருக்கே இறங்க வேண்டியதாயிற்று. பின்னால் வந்தவன் எல்லாம் ஹாரன் அடித்தான்.

கோளாறு என்றால் கொண்டுபோக ஒரே இடம்தான். ஆயர் ஈத்தாமில் சபாபதியின் தம்பி குணாளன் பட்டறை வைத்திருக்கிறான். கொழுந்தன் பட்டறை இருக்கும்போது வேறு பட்டறைக்கு வண்டி போனால் அது குடும்பத்துக்கே அவமானம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளும் அந்தச் சட்டத்தை மீறியதில்லை. குணாளன் பானட்டைத் திறந்து பார்ப்பான், மூடுவான், வண்டியில் ஒன்றுமில்லை என்பான்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கல்யாண வீடு, காதுகுத்து, பந்தல் போட்ட இடமெல்லாம் அவனுக்கு அதுதான் பேச்சு. ராஜம்மா அவன் பெண்சாதி. யோகேஸ்வரிக்குச் சொந்தச் சித்தி மகள். யோகேஸ்வரியே முன்னின்று பெண் பேசி அந்த வீட்டுக்குக் கொண்டுவந்தவள். ராஜம்மாவும் கஞ்சில்தான் ஓட்டினாள், 660. தினம் குளுவாங்கில் தொழிற்சாலைக்குப் போய் வந்தாள்.

"ராஜம்மா வண்டி 660, மேட்டுல பறக்குது. அண்ணி வண்டி 850, ஏற மாட்டேங்குது. அப்ப கோளாறு எங்க லா? இஞ்சின்லயா, சீட்லயா?"

பந்தலே சிரிக்கும். சபாபதி சிரிக்க மாட்டார். எழுந்து வெற்றிலைத் தட்டைத் தேடிப் போய்விடுவார். தன் பக்கம் பேசாவிட்டாலும் கூடச் சேர்ந்து சிரிக்கவில்லையே, நல்ல மனுஷன், என்று அவள் நினைத்துக்கொள்வாள். வீட்டுக்கு வந்து தனக்குத்தான் கிளட்ச் பிடிக்கத் தெரியவில்லையோ என்று காலையே நொந்துகொள்வாள்.

சபாபதி போன பிறகு வண்டி அவர் பெயரிலேயே நின்றது. ரோட் டாக்ஸ் முடிய இரண்டு வாரம்தான் இருந்தது. அதற்குள் தன் பெயருக்கு மாற்றாவிட்டால் விடியற்காலையில் அண்டாவையும் அரிசியையும் ஏற்றிக்கொண்டு கேண்டீனுக்குப் போக முடியாது. அவள் போகாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் தயாராக இருந்தது. வாரிசுக் கடிதம், இறப்புச் சான்று, வண்டியின் உரிமைப் பத்திரமான கிராண்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு சோதனை நிலையத்துக்குப் போனாள்.

அங்கிருந்த மலாய்க்காரப் பையன் டார்ச் அடித்து இஞ்சின் நம்பரைப் பார்த்தான். கிராண்டைப் பார்த்தான். மறுபடியும் குனிந்து பார்த்தான். நம்பர் சேரவில்லை என்றான். நம்பர் மட்டுமில்லை ஆன்ட்டி, இது 850யே இல்லை, 660 இஞ்சின் என்று மரியாதையாகத்தான் சொன்னான். கிராண்டில் இருக்கிற இஞ்சின் வந்தால்தான் பெயர் மாறும் என்றான்.

யோகேஸ்வரி வண்டியில் உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பவில்லை. எப்போதிருந்து என்று யோசித்தாள். அவளுக்குத் தேதி நினைவிருக்காது, சொந்தத்தில் நடந்த காரியங்கள் நினைவிருக்கும். தங்கை மகன் ரூபேந்திரன் கல்யாணத்துக்கு அண்டா ஏற்றிப் போகும்போது வண்டி மூன்றாவது கியரில் ஏறியது. அவன் மனைவியின் வளைகாப்புக்குப் போகும்போது ஏறவில்லை. நடுவில் ஒரு தடவை சர்வீஸுக்கு விட்டாள். குணாளன் நாலு நாள் வைத்திருந்தான். அதே வளைகாப்பில்தான் ராஜம்மா, தன் வண்டி இப்போது நன்றாக இழுக்கிறது என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள்.

சாவியைத் திருப்பினாள்.

நேரே ஆயர் ஈத்தாமுக்கு விட்டாள். குணாளன் ஒரு லாரிக்கு அடியில் கிடந்தான். ராஜம்மா சாப்பாடு கொண்டுவந்திருந்தாள், அவளுடைய கஞ்சில் வாசலில் நின்றது. யோகேஸ்வரி யாரிடமும் கேட்கவில்லை. அந்த வண்டியின் பானட்டைத் தூக்கினாள், பழந்துணியால் இஞ்சினைத் துடைத்தாள், கிராண்டைப் பக்கத்தில் பிடித்து ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்தாள். கடைசி எண் வரைக்கும் அது அவள் வண்டியின் நம்பர்.

குணாளன் எழுந்து வந்தான். என்னென்னவோ சொன்னான். ராஜம்மா 660ஐ வைத்துக்கொண்டு தினம் குளுவாங் போய் வரக் கஷ்டப்பட்டாளாம். ஜப்பானிலிருந்து வருகிற பழைய இஞ்சின் தேடினானாம், நல்லது கிடைக்கவில்லையாம். குடும்பத்துக்குள்தானே மாறியிருக்கிறது, வெளியேயா போய்விட்டது என்றான்.

"மாத்துனது ஒரு பக்கம் இருக்கட்டும். மாத்திட்டு, பந்தல்ல வச்சு என்னைப் பாத்துச் சிரிச்சியே குணா, அது எதுக்கு?"

கையிலிருந்த ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு கடைசியாக, தப்பித்துக்கொள்கிறவன் மாதிரி சொன்னான்.

"அண்ணனுக்குத் தெரியும் அண்ணி. அண்ணிக்கு 660 போதும், எடுத்துக்கோன்னு அவருதான் சொன்னாரு."

ராஜம்மா அழுதாள். தனக்குத் தெரியாது அக்கா, சத்தியமாகத் தெரியாது என்றாள். யோகேஸ்வரி அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெற்றிலைத் தட்டைத் தேடிப் போன மனுஷன் கண் முன்னால் நின்றார். இருந்த வரைக்கும் எத்தனை பந்தல், அத்தனையிலும் எழுந்து போனார். நல்ல மனுஷன் என்று நினைத்தது தன் புத்தி.

ஒரு காலி எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு இஞ்சினும் இறங்க வேண்டும், அவளவளுடையது அவளவள் வண்டியில் ஏற வேண்டும், அதுவரைக்கும் எழுந்திருக்க மாட்டேன் என்றாள். நாளைக்குச் செய்து தருகிறேன் என்றான் குணாளன். அவள் டின்னை விட்டு அசையவில்லை. பட்டறை வாசலில் ஆள் கூடுவதைப் பார்த்துவிட்டு அவன் இஞ்சின் தூக்கும் சங்கிலி பிளாக்கை இழுத்துக்கொண்டு வந்தான். பொழுது சாயும்போது வேலை முடிந்தது. ராஜம்மா கொடுத்த சோற்றை அவள் தொடவில்லை.

மறுநாள் சோதனையில் நம்பர் சேர்ந்தது. அந்த வாரமே கிராண்டில் அவள் பெயர் ஏறியது. சனிக்கிழமை அரிசி மூட்டையோடு ஏழாம் நம்பர் மேட்டுக்கு வந்தாள். மூன்றாவது கியர். கியர் கம்பியில் கை வைத்துக் காத்திருந்தாள், இறக்க வேண்டி வரவில்லை. உச்சிக்கு வந்து ஓரமாக நிறுத்தினாள். சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். கால் சரியாகத்தான் இருந்திருக்கிறது, ஒன்பது வருஷமும் சரியாகத்தான் இருந்திருக்கிறது என்று நினைக்க நினைக்க ஆத்திரம்தான் வந்தது.

வீட்டில் மாலை போட்ட படத்துக்கு முன்னால் தினமும் விளக்கு ஏற்றுவாள். அன்று எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தாள், திரும்ப வைத்தாள்.

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்," என்றாள் படத்தைப் பார்த்து. "ராஜம்மாவுக்குத்தானே. கேட்டிருக்கலாமே."

அண்டாவைக் கழுவப் போனாள். அன்று அந்த வீட்டில் விளக்கு ஏற்றவில்லை.