‘ராணி’ முத்திரையும் பன்னிரண்டு ஏக்கர் முந்திரித் தோப்பும்

1. பெரம்பலூரில் வழக்கறிஞராக இருந்து ஓய்வு பெற்ற வேதமூர்த்தியாகிய நான், நேரில் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

2. எழுபதுகளின் கடைசியில் ஒரு சித்திரை மாதம். ஜெயங்கொண்டத்துக்கு அருகே, ஜமீன் ஒழிந்த பிறகும் ஊரார் அரண்மனை என்றே அழைத்த வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. காலமான ஜமீன்தாரின் மனைவி தையல்நாயகி அம்மாளுக்கு ஜீவனாம்சமாகக் கிடைத்தது பன்னிரண்டு ஏக்கர் முந்திரித் தோப்பு. கணவரின் தம்பி மகன் அதற்கு உரிமை கோரினார். மறுநாள் காலை அரியலூர் நீதிமன்றத்தில் தடையுத்தரவு வாங்காவிட்டால் அவருடைய ஆட்கள் தோப்பில் இறங்கிவிடுவார்கள். அம்மாளுக்கு வேறு பிழைப்பு இல்லை. அவருடைய வக்கீல் நான்.

காலை ஏழு மணி பஸ். அரியலூர் முப்பது கிலோமீட்டர், டிக்கெட் ஒன்றரை ரூபாய். அங்கிருந்து ஜெயங்கொண்டம் இன்னும் முப்பத்தைந்து. சுண்ணாம்புக்கல் லாரிகளின் பின்னால் ஊர்ந்ததில் பத்தரை ஆகிவிட்டது. (அந்தப் புழுதியில் வழக்குக் கட்டைப் பிரித்தது என் தவறு.) கடைசி மூன்று கிலோமீட்டர் நடை.

சிக்கல் இதுதான். அந்த வீட்டுப் பெண்களுக்குக் காகிதத்தில் சொந்தப் பெயரை எழுதும் வழக்கம் இல்லை. ‘ராணி’ என்ற முத்திரையைப் பதிப்பார்கள். குத்தகைச் சீட்டுகள் எல்லாவற்றிலும் அந்த முத்திரை மட்டுமே. கணவர் இறந்தபின் ராணிப் பட்டம் தம்பி மகனின் மனைவிக்குப் போயிற்று, முத்திரையும் அவரிடம்; சீட்டுகளும் அவர் கொடுத்தவை என்றே வாதிடுவார்கள். ஆகவே எனக்குத் தேவைப்பட்டது குத்தகைக்காரர் கொளஞ்சியின் சத்தியம்: ‘தோப்பை எனக்குக் குத்தகைக்கு விட்டது இந்த அம்மாள்தான்’ என்று.

கொளஞ்சி முற்றத்தில் தயங்கி நின்றார். “பொய் சொல்ல மாட்டேங்க. தெரைக்குப் பின்னாலேருந்து கொரலத்தான் கேட்டுருக்கேன். மொகம் பாத்ததில்ல.”

தம்பி மகனின் காரியஸ்தர் சிங்காரம் தூணில் சாய்ந்து சிரித்தார். “கொரலுக்குப் பட்டா குடுக்கற சட்டம் வந்துடுச்சுங்களா, வக்கீல் சார்?”

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மாலை நாலரை பஸ்ஸை விட்டால் மனு தாக்கலாகாது. அப்போது உள்வாசல் திரை விலகியது. வெள்ளைப் புடவையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மாள், அந்நிய ஆண்கள் நின்ற முற்றத்தில் இறங்கினார்.

“கொளஞ்சி, கெணத்துல பாறை வந்துடுச்சுன்னு அழுதியே. வடக்கால தள்ளி வெட்டுன்னு சொன்னது யாரு?”

கொளஞ்சி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். “நீங்கதாங்க, ஆயி.”

சிங்காரம் தூணை விட்டு நிமிர்ந்து நின்றார்.

கொளஞ்சியின் சத்தியத்தை எழுதி வாங்கினேன். அடுத்து அம்மாளின் பிரமாண வாக்குமூலம். பெயருக்கு முன் ராணி என்று போடலாமா என்று கேட்டார். அந்தப் பட்டம் இப்போது தம்பி மகனின் மனைவியிடம் இருப்பதால் அது வழக்கைக் கெடுக்கும் என்றேன். பேனாவை வாங்கிக்கொண்டார்.

“பட்டம் அவங்ககிட்டயே இருக்கட்டும். தோப்ப வுட மாட்டேன்.”

ஒவ்வோர் எழுத்தாகத் தம் பெயரை எழுதினார்.

மறுநாள் தடை கிடைத்தது. அதற்குப்பின் அவரை யாரும் ராணி என்று அழைத்து நான் கேட்கவில்லை. அதற்காக வருந்தினாரா என்பது எனக்குத் தெரியாது.

அந்தப் பக்கம் போகிறவர்கள் சித்திரையில் தண்ணீரோடு, விடியற்காலையில் கிளம்புங்கள். ஒரு யோசனையும் உண்டு: உங்கள் வீட்டுப் பெண்களின் நிலப் பத்திரங்களை ஒருமுறை எடுத்து, அதில் அவர்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

(ஒப்பம்) வேதமூர்த்தி
நேரில் கண்ட சாட்சிகள்:
கொளஞ்சி, குத்தகைக்காரர்
சிங்காரம், எதிர்த்தரப்புக் காரியஸ்தர்